சென்னையின் கழிவுநீர்க் கட்டமைப்புக்குப் பொறியியல் ஆலோசகர்கள் தேர்ந்தெடுக்கப்படும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் குழாய் எந்த ஆழத்தில், எந்தச் சரிவில், எந்த நீரேற்று நிலையத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதை ஒரு பொறியாளர் குழு வரைந்து முடித்திருக்கும். குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரரைப் பற்றி ஊரார் பேசும் அளவுக்கு இந்தக் குழுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் குழு எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, எந்தச் சட்டம் அதற்குப் பொருந்தும், எங்கே கவனிக்க வேண்டும் என்று குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் இளம் பொறியாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

பொறியியல் சேவை என்பது எது? கட்டுமானப் பணியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

குழாய் பதிப்பது, கழிவுநீரேற்று நிலையம் கட்டுவது, சுத்திகரிப்பு நிலையம் நிறுவுவது ஆகியவை கட்டுமானப் பணிகள். அவற்றுக்கு முன்னும் உடனும் நடக்கும் அறிவு சார்ந்த வேலைகளே பொறியியல் சேவைகள்: நில அளவை, மண் ஆய்வு, மக்கள்தொகைக் கணிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, டி.பி.ஆர். எனப் பரவலாக அழைக்கப்படும் விரிவான திட்ட அறிக்கை, வரைபடங்கள், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் தயாரித்தல், பணி நடக்கும்போது மேற்பார்வை, முடிந்தபின் சோதனை ஓட்டத்தைச் சரிபார்த்தல் ஆகியவை இதில் அடங்கும். கட்டுமானத்தில் எத்தனை மீட்டர் குழாய் பதிக்கப்பட்டது என்று நாடா வைத்து அளந்து பணம் கொடுத்துவிடலாம். ஆலோசனைச் சேவையில் கைக்குக் கிடைப்பது அறிக்கையும் வரைபடமும்தான். அவற்றின் தரம் சில ஆண்டுகள் கழித்து, குழாயில் கழிவுநீர் ஓடத் தொடங்கிய பிறகே முழுமையாகத் தெரியவரும். கொள்முதல் முறை வேறுபடுவதற்கான காரணம் இதுவே.

வாரியத்திலேயே பொறியாளர்கள் இருக்கும்போது வெளியிலிருந்து ஏன் அமர்த்த வேண்டும்?

மெட்ரோ வாட்டர் என்று மக்கள் அழைக்கும் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. அன்றாடப் பராமரிப்பையும் சிறிய விரிவாக்கங்களையும் வாரியத்தின் பொறியாளர்களே வடிவமைத்து நடத்துகிறார்கள். ஆனால் 2011 அக்டோபரில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 42 உள்ளாட்சி அமைப்புகள் ஒரே நேரத்தில் நகரத்துடன் இணைந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பாதாளச் சாக்கடையே இல்லை. அத்தனை பகுதிகளுக்கும் சில ஆண்டுகளுக்குள் திட்டம் வரைவதென்றால், அந்தச் சுமை தீர்ந்தபின் தேவைப்படாத அளவுக்கு நிரந்தரப் பணியாளர்களைச் சேர்க்க நேரிடும். ஆகவே வெளியிலிருந்து அமர்த்துவதில் தவறில்லை.

மற்றொரு காரணம் சிறப்பறிவு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் இயங்கத் தொடங்கிய, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன்கொண்ட எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. இத்தகைய நுட்பத்தில் தேர்ந்தவர்களைத் தேவைப்படும் காலத்துக்கு மட்டும் அமர்த்துவதே சிக்கனம். இருந்தாலும், ஆலோசகர் தரும் அறிக்கையைப் படித்துக் குறை சொல்லத் தெரிந்த பொறியாளர்கள் வாரியத்துக்குள் இருந்தாக வேண்டும். அந்தத் திறனையும் வெளியே கொடுத்துவிட்ட நிறுவனம், எதை வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கும் நிலைக்குப் போய்விடும்.

எந்தச் சட்டத்தின்படி இந்தத் தேர்வு நடைபெறுகிறது?

அடிப்படையானது, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகளும் ஆகும். ஒப்பந்தப்புள்ளியைக் கோருபவர், ஆய்வு செய்யும் குழு, ஏற்கும் அதிகாரம் பெற்றவர் என்ற பொறுப்புகளை இச்சட்டம் பிரித்து வைக்கிறது. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து, 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குறைந்தது 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். இதைக் குறைக்க வேண்டுமானால், மேலதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

குறைந்த ஒப்பந்தப்புள்ளியையே ஏற்க வேண்டும் என்றுதானே சட்டம் சொல்கிறது என்று பலரும் கேட்பதுண்டு. சட்டத்தின் 10-ஆம் பிரிவை முழுதாகப் படித்தால், ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, புறவயமான, அளவிடத்தக்க காரணிகளையும் அவற்றுக்கிடையேயான எடைகளையும் கொண்டு கண்டறியப்படும் குறைந்த ஒப்பந்தப்புள்ளி என்றே அது பேசுவது தெரியும். தரத்துக்கும் எடை கொடுத்து மதிப்பிட இடம் கிடைப்பது இந்தச் சொற்களில்தான். அதிகாரிகள் சிலர் தணிக்கைக்கு அஞ்சி இந்த இடத்தைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். குறைந்த தொகைக்குக் கொடுத்துவிட்டால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய கணக்கு.

உலக வங்கி போன்ற அமைப்புகள் கடன் கொடுத்தால் விதிகள் மாறுமா?

கடனின் வகையைப் பொறுத்தது. வழக்கமான முதலீட்டுத் திட்டக் கடன் என்றால், உலக வங்கியின் 2016-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கொள்முதல் ஒழுங்குமுறைகள் பொருந்தும். தேர்வு முறையும் மாதிரி ஆவணங்களும் அவற்றின்படியே அமையும். ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் தனி விதிகள் உண்டு. ஆனால் விளைவுகளின் அடிப்படையில் பணம் விடுவிக்கும் திட்டங்களில், கடன் பெறுபவரின் சொந்தக் கொள்முதல் முறையே பின்பற்றப்படும். 2021-இல் சென்னைக்காக உலக வங்கி ஒப்புதல் அளித்த 15 கோடி டாலர் நகரச் சேவைத் திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. எனவே அறிவிப்பைப் பார்க்கும் நிறுவனம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பணம் எங்கிருந்து, எந்த வடிவில் வருகிறது என்பதையே.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் மத்திய அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் உரியவை. மாநில வாரியத்தை அவை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை என்றாலும், ஆலோசகர் தேர்வுக்கான நல்ல முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளத்தக்கவை.

தேர்வு எந்தப் படிகளைக் கடந்து நடக்கிறது?

தேவை அடையாளம் காணப்பட்டு நிர்வாக அனுமதி கிடைத்ததும், எந்தெந்தத் துறை வல்லுநர்கள் எத்தனை மாதங்கள் உழைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, ஆலோசனைச் செலவுக்கு ஒரு மதிப்பீடு தயாரிக்கப்படும். பின்னர், ஆலோசகர் என்னென்ன செய்து தர வேண்டும் என்பதைச் சொல்லும் பணி வரையறை எழுதப்படும். பன்னாட்டு நிதியுதவித் திட்டங்களில், முதலில் விருப்பம் தெரிவிக்குமாறு அழைத்து, தகுதியுள்ள சில நிறுவனங்களைப் பட்டியலிட்டு, அவற்றிடம் மட்டும் முன்மொழிவு கோருவது வழக்கம். மாநிலச் சட்டத்தின்படி நடக்கும்போது, பொது அறிவிப்பு வெளியிட்டு, தகுதியும் தொழில்நுட்பமும் ஓர் உறையில், கட்டணம் மற்றோர் உறையில் என்ற இரட்டை உறை முறையே பெரும்பாலும் கையாளப்படுகிறது.

ஆவணம் வெளியானபின், ஒப்பந்தப்புள்ளிகள் தாக்கலாகும் முன், நிறுவனங்களோடு முன்கூட்டக் கலந்தாய்வு நடக்கும். நிறுவனங்கள் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். ஒருவருக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லப்படும் விளக்கம் முழுத் தேர்வையும் கறைப்படுத்திவிடும். தொழில்நுட்ப உறைகள் முதலில் திறக்கப்பட்டு மதிப்பெண் இடப்படும். குறைந்தபட்ச மதிப்பெண்ணை, பெரும்பாலும் 70 அல்லது 75 என்று வைக்கப்படுவதை, எட்டாதவர்களின் கட்டண உறை திறக்கப்படுவதில்லை. எட்டியவர்களின் கட்டணங்கள் அவர்களுடைய பிரதிநிதிகள் அறியத் திறக்கப்பட்டு, இரண்டு மதிப்பெண்களும் சேர்க்கப்பட்டு, முதலிடம் பெற்றவருக்கு ஏற்புக் கடிதம் தரப்படும்.

தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிடும் கணக்கு எப்படி?

மிகக் குறைந்த கட்டணம் கேட்டவருக்கு 100 கட்டண மதிப்பெண் தரப்படும். மற்றவர்களுக்கு, குறைந்த கட்டணத்தை அவர்கள் கேட்ட கட்டணத்தால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். பிறகு இரண்டு மதிப்பெண்களுக்கும் உரிய எடை சேர்க்கப்படும். மத்திய அரசின் விதிகளில் தரத்தின் எடை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உண்டு.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் நிறுவனம் தொழில்நுட்பத்தில் 90 பெற்று 3 கோடி ரூபாய் கேட்கிறது. இரண்டாம் நிறுவனம் 78 பெற்று 2 கோடி கேட்கிறது. கட்டண மதிப்பெண் முதலாவதற்கு 66.67, இரண்டாவதற்கு 100. தரத்துக்கு 80, கட்டணத்துக்கு 20 என்று எடை வைத்தால், முதல் நிறுவனம் 85.33 பெற்று, 82.4 பெற்ற இரண்டாவதை வெல்கிறது. அதே எடையை 70-க்கு 30 என்று மாற்றினால், முதலாவது 83, இரண்டாவது 84.6; முடிவு தலைகீழாகிறது. இதே 70-க்கு 30 முறையில், 72 மதிப்பெண் மட்டுமே பெற்ற மூன்றாவது நிறுவனம் ஒன்று 1 கோடி ரூபாய்க்கு வந்து நின்றால், அதன் மொத்தம் 80.4 ஆக, முதலாவது 73-க்கும் இரண்டாவது 69.6-க்கும் இறங்கிவிடுகின்றன. 10 விழுக்காடு எடை மாற்றம் சிறிய விஷயம் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உறைகள் திறக்கப்படும் முன்பே, எடையைத் தீர்மானிக்கும் மேசையில், முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது.

மிகக் குறைந்த கட்டணம் கேட்பவருக்கே கொடுத்தால் மக்கள் பணம் மிச்சமாகாதா?

ஆலோசனைக் கட்டணம் திட்டச் செலவில் சில விழுக்காடுகளே. அதில் மிச்சம் பிடிக்கும் தொகை, தவறான வடிவமைப்பால் கட்டுமானத்திலும், பிறகு பல பத்தாண்டுகள் மின்கட்டணத்திலும் பராமரிப்பிலும் போகும் தொகைக்கு முன்னால் நிற்காது.

சென்னையின் நில அமைப்பை எடுத்துக்கொள்வோம். நகரம் கிட்டத்தட்டத் தட்டையானது. கழிவுநீர்க் குழாயில் மண்டி படியாமல் இருக்க, தொடக்க காலத்தின் உச்ச ஓட்டத்தில் நொடிக்கு 0.6 மீட்டர், வடிவமைப்பு உச்ச ஓட்டத்தில் 0.8 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேடு கூறுகிறது. அந்த வேகத்துக்காக ஒரு சிறிய குழாயை 250-க்கு 1 என்ற சரிவில் பதித்தால், ஒரு கிலோமீட்டருக்குள் அது 4 மீட்டர் கீழிறங்கிவிடும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் கடலோரப் பகுதியிலோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ அந்த ஆழத்தில் தோண்டுவது செலவும் ஆபத்தும் மிக்கது. இடையில் நீரேற்று நிலையம் வைத்தால் நிலம் தேட வேண்டும், மின்சாரச் செலவு என்றென்றும் தொடரும். எத்தனை நிலையங்கள், எங்கே, எந்த ஆழத்துக்கு மேல் திறந்த பள்ளத்தைக் கைவிட்டுச் சுரங்க முறைக்குப் போக வேண்டும் என்பதை மூன்று நான்கு மாற்றுகளை ஒப்பிட்டே சொல்ல முடியும். குறைந்த கட்டணத்துக்கு வந்த நிறுவனம் முதலில் கைவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான். ஏதேனும் ஒரு மாற்றை வரைந்து, மற்றவற்றைப் பெயருக்கு எழுதி, அறிக்கையைப் பருமனாக்கிக் கொடுத்துவிடும்.

மதிப்பீடுகள் எவ்வளவு தூரம் தவற முடியும் என்பதற்குச் சென்னையின் சொந்த வரலாறே சான்று. 1910-ஆம் ஆண்டளவில் வடிவமைக்கப்பட்ட நகரத்தின் கழிவுநீர்த் திட்டம், 1961-இல் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள் என்ற கணிப்பில் அமைந்தது. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 17.3 லட்சம் பேர். அன்றைய பொறியாளர்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஐம்பது ஆண்டுகளை எவரும் துல்லியமாகக் கணிக்க இயலாது. ஆனால் கணிப்பில் உழைப்பைக் குறைத்துக்கொண்டால், விளைவைச் சுமப்பவர்கள் அடுத்த தலைமுறையினர்.

பணி வரையறையில் எவையெல்லாம் இருக்க வேண்டும்?

மொத்தக் கொள்முதலிலும் மிகவும் புறக்கணிக்கப்படுவது இந்த ஆவணம்தான். பழைய திட்டம் ஒன்றின் வரையறையை எடுத்து ஊர்ப்பெயரை மாற்றி வெளியிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. வரையறை மங்கலாக இருந்தால், ஒரு நிறுவனம் மண் ஆய்வுத் துளைகள் நூறு போடுவதாக எண்ணிக் கட்டணம் சொல்லும், மற்றொன்று பத்துக்குச் சொல்லும்; இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. எனவே அளவைப் பணிகளின் எண்ணிக்கை எழுதப்பட வேண்டும்: எத்தனை மீட்டருக்கு ஒரு மட்ட அளவு, எத்தனை துளைகள், அவற்றின் ஆழம், சாலைக்கடியில் உள்ள மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால் ஆகியவற்றைக் கண்டறியச் சோதனைக் குழிகள் எத்தனை என்பன அதில் இருக்க வேண்டும்.

கழிவுநீரின் அளவை எப்படிக் கணக்கிடுவது என்பது அடுத்தது. கையேட்டின்படி, வழங்கப்படும் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கொள்ளலாம். சென்னையில் இந்த எளிய கணக்கு தடுமாறும். வாரியம் தரும் நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் வீடுகளில் கலக்கின்றன. அவை வாரியத்தின் ஏட்டில் இல்லை, ஆனால் சாக்கடைக்கு வந்துவிடுகின்றன. 2019 கோடையில் நகருக்கு நீர்தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டபோது குழாய்நீர் வழங்கல் பெரிதும் குறைந்தது. அத்தகைய ஆண்டை அடிப்படையாகக் கொண்டாலும் கணக்கு பிழையாகும். ஆகவே இருக்கும் குழாய்களில் நேரடியாக ஓட்டத்தை அளக்கச் சொல்வதே முறை.

அந்த அளவீடும் வடகிழக்குப் பருவமழையை உள்ளடக்க வேண்டும். சென்னையில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் கட்டமைப்பு. முன்னதை மாநகராட்சியும் பின்னதை வாரியமும் பார்த்துக்கொள்கின்றன. காகிதத்தில் பிரிந்திருக்கும் இவை, மழைக்காலத்தில் ஆள்நுழைவுக் குழிகளின் வழியாகவும் முறையற்ற இணைப்புகளின் வழியாகவும் ஒன்று கலக்கின்றன. ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும் ஆறு மாத ஒப்பந்தம் இந்தக் கலப்பைக் கண்ணாலும் பார்க்காது. நிதியாண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் இப்படித் தொடங்கும் ஆய்வுகளுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அளவீட்டைத் தனிக்கூறாகச் சேர்த்து, கால அளவை நீட்டிவிடுவது நல்லது.

சுத்திகரிப்பு நிலையம் என்றால், எந்தத் தரத்துக்கு நீரைத் தூய்மையாக்க வேண்டும் என்பதும் வரையறையில் இருக்க வேண்டும். 2017-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு, நீரில் எஞ்சும் கரிமக் கழிவைக் காட்டும் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் வரம்பு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று இருந்தது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 மில்லிகிராம் என்ற கடுமையான அளவை வலியுறுத்தியது. இவற்றில் எதை ஆலோசகர் பின்பற்ற வேண்டும் என்பதை வாரியமே சொல்லிவிட வேண்டும். அதை ஆலோசகரின் ஊகத்துக்கு விட்டால் நிலையத்தின் அளவும் செலவும் மாறிவிடும். கசடு எங்கே போகும் என்ற கேள்வியும் அப்படியே. அதை விட்டுவிட்ட அறிக்கைகள் ஏராளம்.

தூய்மைப் பணியாளர்களின் பாதுகாப்புக்கும் ஆலோசகர் தேர்வுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. மனிதக் கழிவகற்றும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. கழிவுநீர்க் குழாய்களில் நேரும் மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. குழிகளின் இடைவெளி, வளைவுகளின் கோணம், இயந்திரம் நிற்கத் தெருவில் இடம், நீரேற்று நிலையத்தில் கழிவுநீர் வந்து சேரும் ஈரக்கிணற்றில் வடிகட்டியைத் தூக்கும் அமைப்பு ஆகிய அனைத்தும் வரைபடத்திலேயே தீர்மானிக்கப்படுபவை. லாரி நுழைய முடியாத சந்தில் ஆழமான குழியை வரைந்துவிட்டு, பிறகு இயந்திரத்தால் மட்டுமே தூய்மை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. மனிதர் இறங்காமலே பராமரிக்க முடியுமா என்ற சோதனையைத் தொழில்நுட்ப மதிப்பீட்டில் தனி மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்மொழிவில் காட்டிய வல்லுநர்கள் பணிக்கு வராமல் வேறு ஆட்கள் வந்தால்?

பரவலான குறை இது. குழுத் தலைவர், குழாய் வடிவமைப்பாளர், சுத்திகரிப்பு வல்லுநர், மண் பொறியாளர், மின் மற்றும் இயந்திரப் பொறியாளர், சுற்றுச்சூழல் மற்றும் சமூக வல்லுநர் ஆகியோரின் தன்விவரக் குறிப்புகளுக்கே தொழில்நுட்ப மதிப்பெண்ணில் பெரும்பங்கு தரப்படுகிறது. மதிப்பெண் வாங்கிக் கொடுத்தவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்றால், போட்டியில் தோற்ற நிறுவனத்துக்கு அநீதி இழைக்கப்பட்டதாகும். நோய், மரணம் போன்ற காரணங்களுக்கு மட்டுமே மாற்றத்தை அனுமதிப்பது, மாற்று வல்லுநர் சமமான அல்லது கூடுதலான தகுதி உடையவராக இருக்கவேண்டும் என வற்புறுத்துவது, காரணமற்ற மாற்றத்துக்குக் கட்டணத்தில் பிடித்தம் செய்வது ஆகிய விதிகள் ஒப்பந்தத்தில் இருப்பது வழக்கம். அவற்றை நடைமுறைப்படுத்துவதில்தான் தளர்ச்சி.

கட்டணம் எவ்வாறு வழங்கப்படுகிறது?

திட்ட அறிக்கை போன்ற, முடிவு தெளிவாக வரையறுக்கப்பட்ட வேலைகளுக்கு மொத்தத் தொகை முறையில், தொடக்க அறிக்கை, அளவை அறிக்கை, வரைவு, இறுதி அறிக்கை என்று கட்டம் கட்டமாக வழங்கப்படும். மேற்பார்வைப் பணிக்கு, கட்டுமானம் எவ்வளவு நாள் இழுக்கும் என்பது ஆலோசகரின் கையில் இல்லாததால், வல்லுநர்கள் உழைத்த மாதங்களின் அடிப்படையில் வழங்குவதே நியாயம். திட்டச் செலவின் விழுக்காடாகக் கட்டணம் கொடுக்கும் முறையைத் தவிர்ப்பது நல்லது. செலவைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறியாளர் தம் வருமானத்தையே குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வடிவமைத்த நிறுவனமே கட்டுமான ஒப்பந்தத்துக்கும் போட்டியிடலாமா?

கூடாது. முரண்பட்ட நலன் என்ற அடிப்படையில், திட்டத்தைத் தயாரித்த ஆலோசகரும் அவருடைய துணை நிறுவனங்களும் அதிலிருந்து கிளைக்கும் கட்டுமானப் பணியில் பங்கேற்பதை உலக வங்கியின் விதிகள் தடுக்கின்றன. நல்ல ஆவணம் எதிலும் இந்தத் தடை இருக்கும். வடிவமைத்துக் கட்டி இயக்கும் ஒருங்கிணைந்த ஒப்பந்தங்களில் நிலைமை வேறு. அங்கே ஒப்பந்ததாரரே வடிவமைப்பையும் ஏற்கிறார். வாரியத்தின் ஆலோசகர் அடிப்படை வடிவத்தையும் செயல்திறன் தேவைகளையும் எழுதித் தந்து, பிறகு ஒப்பந்ததாரரின் வரைபடங்களைச் சரிபார்க்கிறார். அவர் இரு தரப்புக்கும் வேலை செய்ய முடியாது.

சிறிய உள்ளூர் நிறுவனங்கள் பங்கேற்க வழி உண்டா?

தனியாகப் பெரிய திட்டங்களுக்குத் தகுதி பெறுவது கடினம். கடந்த சில ஆண்டுகளின் வருவாயும், அதே அளவிலான முந்தைய பணிகளும் கேட்கப்படும். கூட்டு நிறுவனமாகவோ துணை ஆலோசகராகவோ சேரலாம். நில அளவை, மண் ஆய்வு, வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு ஆகியவற்றில் உள்ளூர் நிறுவனங்களின் அனுபவம் உண்மையிலேயே மதிப்புடையது. தகுதி வரம்பை ஒரே ஒரு நிறுவனம் மட்டும் எட்டும்படி எழுதியிருப்பதாகத் தோன்றினால், முன்கூட்டக் கலந்தாய்வில் எழுத்து மூலம் கேள்வி எழுப்புவதே முதல் வேலை. முடிவு வந்தபின் முறையிடுவதைவிட அதற்கு வலு அதிகம்.

முதலிடம் பெற்றவரிடம் விலை பேசலாமா?

1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏற்கத்தக்க குறைந்த ஒப்பந்தப்புள்ளியின் தொகை சந்தை விலையைவிட அதிகமாகத் தோன்றினால், அவரிடம் மட்டுமே குறைக்கக் கோரிப் பேசலாம். மற்றவர்களை அழைத்து ஏலம் போடுவது முறையாகாது. ஆலோசனைச் சேவையில், பேச்சுவார்த்தை வல்லுநர்களின் மாதங்கள், பணித்திட்டம், வாரியம் செய்து தரவேண்டிய உதவிகள் ஆகியவற்றைத் தெளிவுபடுத்தும் களமாக இருப்பதே நல்லது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான வழி உண்டு. 1972-ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டப்படி, கூட்டரசு நிறுவனங்கள் பொறியாளர்களைத் தகுதியால் மட்டுமே தரவரிசைப்படுத்த வேண்டும்; கட்டணத்தைப் பற்றிய பேச்சு முதலிடம் பெற்றவரோடு அதற்குப் பிறகே தொடங்கும், உடன்பாடு ஏற்படாவிட்டால் இரண்டாமவரிடம் போகலாம். பல மாநிலங்களும் இதைப் பின்பற்றுகின்றன. டெக்சாஸ் மாநிலச் சட்டம் பொறியாளர்களை விலைப் போட்டியால் தேர்வதையே தடைசெய்கிறது. நம் நாட்டுத் தணிக்கை மரபில் அதை அப்படியே கொண்டுவருவது எளிதல்ல. நியாயமான கட்டணம் எவ்வளவு என்று தாமே மதிப்பிடத் தெரிந்த அதிகாரிகள் இருக்கும் இடத்தில்தான் அது வேலை செய்யும்.

போட்டியில்லாமல் நேரடியாக அமர்த்த முடியுமா?

இயற்கைப் பேரிடர் போன்ற அவசரங்களுக்கும், ஒரே ஒருவரிடம் மட்டுமே கிடைக்கும் சேவைக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. முன்பே தெரிந்த தேவையைத் தள்ளிப்போட்டுவிட்டு அவசரம் என்று சொல்வது இதில் சேராது.

முடிவில் உடன்பாடு இல்லாதவர் என்ன செய்யலாம்? பொதுமக்கள் ஆவணங்களைப் பார்க்க முடியுமா?

பங்கேற்ற நிறுவனம், ஆணை கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யும் வழியும் உண்டு. நீதிமன்றங்கள் மதிப்பெண்ணைத் தாமே திருத்துவதில்லை. நடைமுறை மீறப்பட்டதா, தன்னிச்சையாக நடந்துகொண்டார்களா என்றே பார்க்கும்.

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் மாநில அரசின் மின்கொள்முதல் தளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகின்றன. பணி வரையறை, திட்ட அறிக்கை, மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். வணிக இரகசியம் என்று ஒரு பகுதி மறுக்கப்பட்டாலும், மீதியைப் பிரித்துத் தருமாறு கோர உரிமை உண்டு. தெருவில் பள்ளம் தோண்டிய பிறகு கேட்பதைவிட, வரைவுத் திட்ட அறிக்கை நிலையிலேயே கேட்பது பலன் தரும். எந்தத் தெருக்கள் சேர்க்கப்பட்டுள்ளன, நீரேற்று நிலையம் எங்கே வருகிறது என்பவை அப்போது இன்னும் மாற்றக்கூடியவை.

வரைபடங்களும் அளவைத் தரவுகளும் யாருக்குச் சொந்தம்?

பணம் கொடுத்த வாரியத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தங்கள் பொதுவாகச் சொல்கின்றன. ஆனால் எந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பது எழுதப்படாவிட்டால், அச்சிட்ட தொகுதிகளும் திருத்த முடியாத கோப்புகளும் மட்டுமே வந்து சேரும். அடுத்த திட்டத்துக்கு அதே தெருவை இன்னொரு நிறுவனம் மறுபடியும் அளந்து கட்டணம் வாங்கும். திருத்தத்தக்க வரைபடக் கோப்புகள், நீரோட்டக் கணினி மாதிரி, மண் துளைகளின் மூலத் தரவு, ஆள்நுழைவுக் குழிகளின் ஆயத்தொலைவுகளும் அடிமட்டங்களும் புவித்தகவல் வடிவில் வேண்டும் என்று பணி வரையறையிலேயே கேட்டு, அவை சரிபார்க்கப்படும் வரை இறுதித் தவணையை நிறுத்தி வைக்க வேண்டும். கட்டுமானம் முடிந்தபின், தரையில் உண்மையில் அமைந்தபடி திருத்திய வரைபடங்களைத் தரும் பொறுப்பு மேற்பார்வை ஆலோசகருடையது. அவருடைய கடைசி மாதக் கட்டணப் பட்டியலை ஏற்பதற்கு முன் இவற்றில் சிலவற்றையாவது களத்தில் குழியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பது வாரியத்தின் உதவிப் பொறியாளருடைய வேலை.